மீனெண்ணெய் ஊற்றிய ஃபேன்

என் பெட்டியைக் காணவில்லை என்று தெரிந்தபோது நான் பர்தாவைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. பேரணாம்பட்டில் ஒரு மௌத்து வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போய்விட்டு அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கியிருந்தேன். பின்கட்டுக் கதவைத் திறந்தால், சுவரோரம் பெட்டி இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது. பக்கத்திலிருந்த, கம்பி சுற்றுகிற ராட்டையும் இல்லை. அரக்குக் கிண்ணம் கவிழ்ந்து தரையெல்லாம் ஒட்டிக் கிடந்தது. அதை நிமிர்த்தி வைக்கக்கூட மனம் வராமல் போயிருக்கிறான் பாவி.

பாவி என்றால் வேறு யாருமில்லை, என் கொழுந்தன் மக்பூல் அகமதுதான். ஆம்பூரில் எங்கள் வீட்டு முன்கட்டில் அவனும் அவன் பெண்சாதியும் இருந்தார்கள். பின்கட்டில் நான் தனியாக இருந்தேன்.

நேரே முன்கட்டுக்குப் போனேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"என் பெட்டி எங்கே மக்பூல்?"

"ஒக்காருங்க பாபி. நல்ல சேதி. அமீர் பாஷா சாயபு அவரோட தோல் ஷாப்புக்கு என்னை மிஸ்திரியா வெச்சுக்கிட்டாரு. தனி ரூம் குடுத்துருக்காரு. சாமானெல்லாம் அங்க இருந்தாத்தான் சவுகரியம்னாரு, அதான் எடுத்தும்போய்ட்டேன்."

"யார் சாமான்?"

"அண்ணன் சாமான்தானே பாபி. அண்ணனுக்கப்புறம் தம்பிக்குத்தானே."

"சரி, நீ மிஸ்திரி. வேலை யார் செய்வா?"

அவன் எலும்பைக் கடித்துக்கொண்டே சிரித்தான். "ரெண்டு பசங்கள வெச்சுப் பழக்கிக்குவேன். நீங்க எதுக்குக் கண்ணக் கெடுத்துக்கணும்? நிம்மதியா ஒக்காந்து பீடி சுத்துங்க. எதிர் வூட்டுல எல்லாம் சுத்தலியா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. அந்தத் தட்டைத் தூக்கி அவன் தலையில் கவிழ்க்காமல் திரும்பி வந்ததை இன்றுவரைக்கும் நினைத்து நினைத்து வருத்தப்படுகிறேன்.

பீடி சுற்றுவது கேவலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் விரல் வேறு வேலைக்குப் பழகிய விரல். என் புருஷன் நிசார் அஹமது ஜோலார்பேட்டையில் ரயில்வே பிட்டராக இருந்தார். முதல் வகுப்புப் பெட்டிகளில் துரைமார் தலைக்கு மேல் ஓடுகிற ஃபேன்களைச் சரி பார்ப்பது அவர் வேலை. வீட்டுக்கும் வேலை கொண்டுவருவார். அவர் செப்புக்கம்பியைச் சுற்றச் சுற்ற நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவேன். பிறகு அவருக்குப் பார்வை மங்கியது. நான் சுற்ற அவர் எண்ணினார். கடைசி இரண்டு வருஷம் சுற்றுவதும் நான், எண்ணுவதும் நான். அவர் விரலால் தடவிப் பார்த்து 'சரி' என்பார். 'சரியில்லை' என்று சொன்னால் மொத்தத்தையும் பிரித்துவிட்டு மறுபடி சுற்றுவேன். அப்படிக் கற்றுக்கொண்ட வேலை இது.

அவர் மௌத்தாகி ஆறு வருஷம். பர்தாவில் இருக்கிற கோஷாப் பெண் கடைவீதியில் உட்கார்ந்து ஃபேன் பிரிக்க முடியுமா? அதனால் மக்பூல் போய் எடுத்து வந்தான், நான் சரி செய்தேன், அவன் கொண்டுபோய்க் கொடுத்தான். யாராவது கேட்டால் 'அண்ணன் செஞ்சது' என்றுதான் அவர் இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணன் கபருக்குப் போன பிறகும் ஃபேன்கள் சரியாகிக்கொண்டே இருந்தன. செத்தவர் செய்தார் என்று சொல்ல முடியாதில்லையா, அதனால் 'நான்தான் செய்யறேன்' என்று ஆரம்பித்தான். அது என் காதுக்கு வந்தபோது நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். குடும்ப மானம், நாலு பேர் என்ன சொல்வார்கள், அது இது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த ஆறு வருஷத்துக்காக எனக்கு என் மேலேயும் கோபம்தான்.

அவனுக்கு ஃபேன் வேலையில் தெரிந்தது தூக்குவதும் இறக்குவதும் மட்டுமே. ஸ்விட்சு போடும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போடுகிற ஆள். அவன் மிஸ்திரியாம்.

அமீர் பாஷா சாயபுவின் ஃபேனால்தான் இத்தனையும் வந்தது. அது மேஜை ஃபேன். இரும்பு அடிப்பாகம், பித்தளை இறக்கை, ஒரு ஆள் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். சாயபுவின் தகப்பனார் காலத்தில் வேலூரில் யாரோ துரை ஊருக்குப் போகும்போது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்தது. அப்போது ஆம்பூரில் கரண்டே கிடையாது. அழகுக்கு வைத்திருந்தார்கள். பிறகு சாயபு தோல் பதனிடுகிற தன் ஷாப்பில் எண்ணெய் இஞ்சின் வைத்து டைனமோ ஓட்டினார், அதிலிருந்து அவர் வீட்டுக்கும் தெருவில் நாலு வீட்டுக்கும் கம்பி இழுத்தார்கள். முப்பத்தாறாம் வருஷம் அது. சாயபுவின் மகள் பில்கிஸ் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்தாள். எட்டு மாசம். கால் இரண்டும் வீங்கி, வெயிலில் தூக்கமில்லாமல் தவித்தாள். அவளுக்காக அந்த ஃபேனைத் தூசி தட்டி ஓட்டிப் பார்த்தார்கள். உறுமியது, சுற்றவில்லை. மக்பூல் அதை என்னிடம் தூக்கி வந்தான்.

பிரித்துப் பார்த்தேன். சுற்றுகிற பாகத்துக்குக் கரண்டைக் கடத்துகிற இரண்டு கரித்துண்டும் தேய்ந்து நகக்கண் அளவுதான் மிச்சமிருந்தன. அச்சைத் தாங்குகிற பித்தளைப் புஷ் தேய்ந்து அகன்றிருந்தது. அந்த மாதிரி ஃபேன் செய்த கம்பெனியே இப்போது இருக்கிறதோ இல்லையோ. சாமானுக்கு எங்கே போவது? கரித்துண்டுக்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். தீர்ந்துபோன டார்ச் செல்லை உடைத்து நடுவிலிருக்கிற கரிக்குச்சியை எடுத்து, அம்மியில் தேய்த்துத் தேய்த்துச் சதுரமாக்கினேன். விரல் நுனியெல்லாம் கறுப்பாகிச் சோறு பிசைய முடியவில்லை.

புஷ்ஷுக்கு வேலூரில் பாத்திரம் கடைகிறவர் ஒருவர் இருந்தார். தென்னை ஈர்க்கில் நுனியிலிருந்து அளவுக்குக் கீறல் போட்டு, ஓட்டையின் அகலத்துக்கு ஒன்று, வெளிச்சுற்றுக்கு ஒன்று, நீளத்துக்கு ஒன்று என்று மூன்று அளவு எடுத்து, நூல் கட்டி மக்பூலிடம் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் ஒரு புஷ்ஷோடு வந்தான். அச்சு அதற்குள் போகவே இல்லை.

"அளவுக்குச்சி எங்கே?"

"அது வந்து பாபி, பிரியாணி சாப்ட்டேன். பல்லுல மாட்டிக்கிச்சு."

என் அளவுக்குச்சியால் பல் குத்தியிருக்கிறான். குத்தி, முனை உடைந்ததும் உடைந்ததையே கடைசல்காரரிடம் கொடுத்திருக்கிறான். இவனோடு எனக்கு இதுதான் வாழ்க்கை.

மறுநாள் வேறு ஈர்க்கில் கீறல் போட்டு முனியம்மாவிடம் கொடுத்தேன். முனியம்மா சாயபு வீட்டில் வேலை செய்பவள், உள்ளே பெண்கள் இருக்கிற ஜனானாவுக்கும் வெளியே ஷாப்புக்கும் போய்வர அவளுக்குத்தான் வழி உண்டு. அவள் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூருக்கு நடந்து, கடைசல்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து, குச்சியை ஓட்டைக்குக் குறுக்கே வைத்துப் பார்த்து, சரியாக இருந்த பிறகே எழுந்து வந்தாள். "ஒண்ணு செஞ்ச கையோட இன்னொண்ணும் செஞ்சிருன்னேன்," என்று இரண்டு புஷ்ஷை என் கையில் வைத்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஃபேன் ஓடியது. சத்தமே இல்லாமல் ஓடியது. ஒரு சின்னப் புட்டியில் தையல் மிஷின் எண்ணெய் ஊற்றிக் கொடுத்து, வாரத்துக்கு மூன்று சொட்டு, அதற்கு மேல் வேண்டாம் என்று மக்பூலிடமும் சொன்னேன், முனியம்மாவிடமும் சொன்னேன். பில்கிஸ் அன்று பகலெல்லாம் தூங்கினாளாம். சாயபுவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஷாப்பில் எல்லோர் எதிரிலும் மக்பூலின் தோளைத் தட்டி, 'இனிமே நீதான் நம்ம மிஸ்திரி' என்றாராம். அதற்குப் பிறகுதான் நான் மௌத்து வீட்டுக்குப் போன நேரம் பார்த்து என் பெட்டி போனது.

பெட்டி போய் ஐந்து நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பசி இல்லாமல் இல்லை. கோபத்தில் தட்டைத் தள்ளி வைத்தேன். அந்தப் பெட்டியில் அவருடைய கம்பி அளவு பார்க்கும் தகடு இருந்தது, சின்ன ரம்பம், ஏழு திருப்புளி, பருத்தி நூல் சுற்றிய செப்புக்கம்பி மூன்று உருண்டை. ராட்டை அவர் கையாலேயே செய்தது. அதெல்லாம் இல்லாமல் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் மக்பூல் போடுகிற சோறுதான். மக்பூல் போடுகிற சோற்றைத் தின்றுகொண்டு அவனுக்கே நன்றி சொல்ல வேண்டும். அதைவிடப் பட்டினி தேவலை என்று நினைத்தேன்.

ஆறாம் நாள் பொழுது விடிந்து கொஞ்ச நேரத்தில் முனியம்மா பின்கட்டுக் கதவை இடித்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"பாயம்மா, என்னை வேலைய விட்டு நிறுத்திட்டாங்க."

"ஏன்?"

"ஃபேன் எரிஞ்சுபோச்சு. பில்கிஸ் பொண்ணு படுத்திருக்கு, குப்புனு பொகை. ரூமெல்லாம் கருவாடு சுட்ட நாத்தம். நான் தப்பா எண்ணெ ஊத்திட்டேன்னு உங்க கொழுந்தன் என் தலையில கட்டிட்டாரு."

"என்ன எண்ணெய் ஊத்தினே?"

"அவர் குடுத்த எண்ணெயத்தான் ஊத்துனேன். நீங்க குடுத்த புட்டி அவர்கிட்டதான் இருந்துச்சு, சைக்கிளுக்கு ஊத்தித் தீர்த்துட்டாரு. கேட்டேன். ஷாப்பு பீப்பாயிலருந்து மொண்டு ஒரு சொம்பு குடுத்தாரு. 'மூணு சொட்டு இன்னாத்துக்கு, தாராளமா ஊத்து, சாயபு வூட்டுல இன்னா கம்மியா'ன்னாரு."

எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. ஷாப்பு பீப்பாய் என்றால் மலபாரிலிருந்து வருகிற மீனெண்ணெய். பதப்படுத்திய தோலுக்குத் தடவுவது. எங்கள் ஊரில் அந்த எண்ணெயைத் தடவாத பொருள் கிடையாது. வண்டிச் சக்கரத்துக்கு, கதவுக் கீலுக்கு, செருப்புக்கு, கிணற்று ராட்டினத்துக்கு எல்லாவற்றுக்கும் அதுதான், ஓசியில் கிடைக்கிறதே. தோலுக்கு நல்லதென்றால் எல்லாவற்றுக்கும் நல்லது என்று இந்த ஊர் ஆம்பளைகளுக்கு ஒரு எண்ணம். மீனெண்ணெய் சூடுபட்டால் பிசின் மாதிரி இறுகும். தோலில் இறுகினால் தோல் உழைக்கும். ஃபேன் அச்சில் இறுகினால் அச்சு நிற்கும், அச்சு நின்றால் கம்பி எரியும். ரயில்வே பிட்டரோடு கூடப் பிறந்து வளர்ந்த தம்பிக்கு இது தெரியவில்லை. தெரியாததைக்கூட மன்னிக்கலாம். ஏழை மேல் பழி போட்டானே, அதை மன்னிக்க மாட்டேன்.

முனியம்மா இன்னும் முடிக்கவில்லை. "எரிஞ்சதும் ஃபேனைத் தூக்கி ஷாப்பு ரூமுல வெச்சாரு. நேத்தெல்லாம் அதும் எதிர்ல ஒக்காந்திருந்தாரு. ஒரு திருகுகூடக் கழட்டல. சாயபு வந்து வந்து கேக்குறாரு."

சொல்லி முடிக்கும் முன்பே மக்பூல் பின்கட்டு வாசலுக்கு வந்துவிட்டான். முனியம்மாவைப் பார்த்ததும் முகம் செத்துப்போனது.

"பாபி, கொஞ்சம் பேசணும். சாயபு ஃபேன்ல சின்னக் கோளாறு. சாயங்காலம் இங்கே எடுத்துவரேன். ரெண்டு நாளைக்குப் பெட்டியும் எடுத்துவரேன். முடிச்சுக் குடுத்துடுங்க."

"ரெண்டு நாளைக்கு?"

"ஆமா. அப்புறம் பெட்டி ஷாப்புக்குப் போகணுமில்லே."

என் பெட்டியை எனக்கே இரவல் கொடுக்கிறான். பர்தாவை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"எங்க போறீங்க பாபி?"

"சாயபு வீட்டுக்கு."

"ஷாப்புக்கா? ஆம்பளைங்க இருக்கற எடத்துக்கா?"

"ஜனானாவுக்கு. நீ வர முடியாத இடத்துக்கு," என்று சொல்லிவிட்டு முனியம்மாவோடு தெருவில் இறங்கினேன். அவன் பின்னாலேயே ஓடி வந்தான். தெருவில் பெண்பிள்ளையை இழுத்து நிறுத்த அவனுக்குத் தைரியமில்லை.

சாயபு வீட்டு ஜனானா உள்முற்றத்துக்கு அப்பால் இருந்தது. பில்கிஸ் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை. அவள் தாய் சுகரா பேகம் பக்கத்தில் உட்கார்ந்து ஓலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். அறையில் இன்னும் தீய்ந்த மீன் நாற்றம் போகவில்லை.

சுகரா பேகத்திடம் நான் எதையும் மறைக்கவில்லை. முனியம்மா ஊற்றியது மக்பூல் கொடுத்த எண்ணெய் என்றேன். ஃபேனை முதலில் சரி செய்தது நான் என்றேன். ஆம்பூரில் ஓடுகிற பதினொரு ஃபேனுக்கும் கம்பி சுற்றியது நான் என்றேன். அவர் விசிறுவதை நிறுத்திவிட்டு என் கையை இழுத்து விரல்களைத் திருப்பிப் பார்த்தார். கம்பி அறுத்த தழும்புகளை ஒவ்வொன்றாகத் தடவினார்.

"உன் பேர் என்ன?"

"வஜீதா."

"மக்பூல்தான் செய்யறான்னு இத்தனை வருஷம் எங்களை நம்ப வெச்சிருக்கான். நீ ஏன் சொல்லலே?"

"யார்கிட்ட சொல்றது பேகம் சாஹிபா? கேக்கறவங்க எல்லாம் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தாங்க."

அவர் ஆள் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் திரைக்கு அந்தப் பக்கம் சாயபுவின் செருப்புச் சத்தம் கேட்டது, பின்னால் மக்பூலின் இருமல். சுகரா பேகம் விஷயத்தைச் சொன்னார்.

"நிஜமா மக்பூல்?" என்றார் சாயபு.

"பாபி கூடமாட ஒத்தாசை செய்வாங்க சாயபு."

"அப்ப ஃபேனை இங்கேயே பிரி," என்றேன் நான் திரைக்கு இந்தப் பக்கமிருந்து. "நான் ஒத்தாசை செய்யறேன். முதல்ல எந்தத் திருகு கழட்டணும், சொல்லு."

மறுபடி இருமல்தான் வந்தது.

சாயபு தொண்டையைச் செருமினார். கெட்ட மனுஷரில்லை அவர், ஆனால் வியாபாரி. "தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு. ஷாப்புல அத்தனை பேர் எதிர்ல மக்பூல்தான் மிஸ்திரின்னு சொல்லிட்டேன். இப்ப ஒரு பொம்பளைன்னு சொன்னா எனக்கும் அசிங்கம், உங்களுக்கும் அசிங்கம். நீங்க இங்கேயே உள்ள ஒக்காந்து வேலையப் பாருங்க. பெட்டி ஷாப்புலயே இருக்கட்டும், வேணுங்கறப்ப அனுப்பறேன். வெளியில மக்பூல் பேர் இருந்துட்டுப் போகட்டும். உங்களுக்கு வேண்டியதை நான் பாத்துக்கறேன்."

ஆறு வருஷமாக மக்பூல் செய்ததை இவர் மரியாதையான வார்த்தையில் சொல்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம். நான் எழுந்து பர்தாவைச் சரி செய்துகொண்டேன்.

"என் பெட்டி என் வீட்டுல இருந்தாத்தான் எனக்கு வேலை. இல்லேன்னா உங்க மிஸ்திரியே பாத்துக்கட்டும்."

கட்டிலில் பில்கிஸ் முனகினாள். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? இரண்டு ஆண்களின் வீம்புக்கு நடுவில் வயிற்றுப் பிள்ளைக்காரியைக் கிடத்தி, இரக்கமில்லாதவள் என்ற பெயரை என் தலையில் வைக்கிறார்கள். அதற்கும் சேர்த்து அவர்கள் மேல் ஆத்திரம் வந்தது. ஆனாலும் நான் உட்காரவில்லை. இப்போது உட்கார்ந்தால் இனி எப்போதும் எழுந்திருக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

சுகரா பேகம் விசிறியைக் கீழே வைத்தார். திரையைப் பார்த்துப் பேசினார், குரலை உயர்த்தாமல்தான்.

"ஷாப்புல யார் மிஸ்திரின்னு நீங்க சொல்லிக்குங்க. ஃபேன் ஓடறது என் ரூமுல. இங்க யார் மிஸ்திரின்னு நான் சொல்றேன். பெட்டியக் கொண்டாரச் சொல்லுங்க. வேலை முடிஞ்சதும் அது அவ வூட்டுக்குப் போகும். முனியம்மா நாளைக்கு வேலைக்கு வருவா."

சாயபுவின் செருப்புச் சத்தம் விலகிப் போனது.

ஃபேனும் பெட்டியும் ராட்டையும் வந்தன. பெட்டி மூடியைப் பார்த்ததும் என் கண்ணில் ரத்தமே வந்துவிடும் போலிருந்தது. வெள்ளைப் பெயிண்டால் பெரிது பெரிதாக 'மக்பூல் அகமது, எலக்ட்ரிக் மிஸ்திரி' என்று எழுதி வைத்திருக்கிறான். ஐந்து நாளில் அவன் செய்த ஒரே வேலை அதுதான்.

ஃபேனைப் பிரித்தேன். அச்சு புஷ்ஷோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கட்டியாகிப்போன மீனெண்ணெயை மூங்கில் சீவலால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். நாற்றம் தாங்காமல் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டேன். கழற்றிப் பார்த்தால் புஷ் உள்பக்கமெல்லாம் கோடு கோடாகக் கிழிந்திருந்தது. கம்பி மொத்தமும் கருகியிருந்தது.

"புஷ்ஷுக்கு மறுபடி வேலூர் போகணுமா?" என்றாள் முனியம்மா.

"வேண்டாம். நீ அன்னிக்கு ரெண்டு கொண்டுவந்தே. இன்னொண்ணு மக்பூல் வீட்டு ஃபேன்ல இருக்குது. போய் வாங்கி வா."

முன்கட்டில் அவன் பெண்சாதிக்கு ஒரு மேஜை ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. உடைசலாக வந்தது, அச்சு அதே கனம், அதனால் மிச்சமிருந்த புஷ்ஷைப் போட்டு நான் ஓடவைத்திருந்தேன். பின்கட்டுக்குக் கம்பி இழுக்கவில்லை, அதனால் அந்தக் காற்று எனக்கு வந்ததில்லை. முனியம்மா கேட்டதற்கு மக்பூல் முதலில் முடியாது என்றானாம். சாயபு வீட்டு ஆள் பக்கத்தில் நின்றதால் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் புஷ்ஷைக் கழற்றத் தெரியவில்லை. முழு ஃபேனையும் தூக்கிக்கொண்டு தெரு வழியாக வந்து, சாயபு வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனான். தெருவே பார்த்தது.

இரண்டு நாள் ஜனானாவிலேயே உட்கார்ந்து கம்பி சுற்றினேன். பில்கிஸ் கட்டிலில் இருந்தபடி எண்ணினாள். நடுவில் தப்பாக எண்ணிவிட்டு, 'ஐயோ, பிரிக்கணுமா?' என்றாள். 'பிரிக்கத்தான் வேணும்' என்று பிரித்தேன். அரக்குப் பூசி, காயவைத்து, மக்பூல் வீட்டுப் புஷ்ஷை மாட்டி, புதுக் கரித்துண்டு போட்டு, இரண்டாம் நாள் சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்கு ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. பில்கிஸ் கண்ணை மூடிக்கொண்டு காற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பத்து நிமிஷத்தில் குறட்டை வந்தது.

மிச்சமிருந்த மண்ணெண்ணெயில் துணியை நனைத்துப் பெட்டி மூடியைத் துடைத்தேன். எழுத்து ஒவ்வொன்றாகக் கரைந்து துணியில் வந்தது. மரத்தின் மேல் கொஞ்சம் வெள்ளை தங்கிவிட்டது. அது போகிறவரை தேய்த்தேன்.

பெட்டி என் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள். நல்ல வெயில். முன்கட்டு வாசலில் மக்பூல் பனியனோடு உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தான். அவன் வீட்டு ஃபேனுக்குப் புஷ் இல்லை. ஒரு ஜட்கா வந்து நின்றது. வாணியம்பாடியிலிருந்து அப்துல் சமத் என்று ஒரு தோல் வியாபாரி, துணியில் சுற்றிய ஃபேனோடு இறங்கினார். நான் பின்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மக்பூல் மிஸ்திரி வீடு இதுதானே?"

மக்பூல் எழுந்தான். என் கதவுப் பக்கம் வந்து, தாழ்ந்த குரலில், "பாபி, ஃபேன் வந்திருக்குது," என்றான். எப்போதும் போல எடுத்துக்கொண்டு போகலாம் என்ற நினைப்பு அவனுக்கு.

"யாரைத் தேடி வந்திருக்காரோ அவர் பாக்கட்டும்," என்றேன் தெருவுக்குக் கேட்கிற மாதிரி.

"பாபி, அசிங்கப்படுத்தாதீங்க."

வந்தவர் குழம்பிப்போய், "உள்ள யாரு பேசறது?" என்று கேட்டார்.

மக்பூல் நின்றான். எதிர் வீட்டில் பீடி சுற்றுகிற பெண்கள் கையை நிறுத்திவிட்டு ஜன்னல் சட்டத்தின் வழியாகப் பார்த்தார்கள். ஜட்காக்காரன் குதிரைக்குப் புல் போட்டான். அந்த மனிதர் ஃபேனைத் தூக்கித் திரும்ப ஜட்காவில் வைக்கப்போனார்.

"அவங்கதான்," என்றான் மக்பூல்.

"அவங்கன்னா?"

"அவங்கதான் மிஸ்திரி."

கீழே பார்த்துக்கொண்டு, மூக்குக்குள் சொன்னான். அவருக்கே அரைகுறையாகத்தான் கேட்டிருக்கும்.

"எதிர் வீட்டுக்குக் கேக்கலை மக்பூல்," என்றேன். "இன்னொரு தடவை சொல்லு."

சொன்னான். இந்தத் தடவை தெருமுனை வரைக்கும் கேட்டது. நான் தாழ்ப்பாளை எடுத்து, இரண்டு கையை மட்டும் வெளியே நீட்டி, ஃபேனை வாங்கி உள்ளே வைத்தேன்.